முதல் வாய்ச் சோறு

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் சாப்பிட மறுக்கும் கிழவர்களை என்னிடம்தான் விடுவார்கள். வாயை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி இருப்பவர்களை, கரண்டியைத் தட்டிவிடுபவர்களை, பெற்ற மகள் வந்து கெஞ்சியும் மசியாதவர்களை நான் சாப்பிட வைத்துவிடுவேன். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அவசரம் காட்டாமல் பக்கத்தில் இருக்க வேண்டும். சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கவே கூடாது. கரண்டியை அவர்களின் கையில் கொடுத்து அந்தக் கையை நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த ஹம் நகரத்தில் என் கையால் உருளைக்கிழங்கு மசியல் தின்றுவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிய ஜேர்மன்காரர்கள் எத்தனையோ பேர். உன் கையில் என்னதான் இருக்கிறது என்று மேற்பார்வைக்காரி கேட்பாள். நான் சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

சிரிக்காமல் என்ன செய்வது? என் சொந்த வீட்டில், என் புருஷன், நான் சமைத்த சோற்றை இன்னொருவன் ஒரு வாய் தின்று காட்டாமல் தொடமாட்டார். அந்த இன்னொருவன் மேல் எனக்குப் பொறாமை. அதை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குக் களைப்பு என்றும் கவலை என்றும் வயது என்றும் பெயர் வைத்துப் பார்த்தார்கள். பொறாமைக்குப் பொறாமை என்றுதான் பெயர்.

இவர் ஒரு காலத்தில் தளபதி. நான் இவர் என்று எழுதினால் அது என் புருஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு மாதிரிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வன்னியில் கலியாணம் கட்டினோம். மகளுக்கு நடை பழகாத வயதில் எங்கள் இரண்டு பேரையும் ஜேர்மனியில் இருந்த என் தமையனிடம் அனுப்பிவைத்தார். பின்னால் வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இயக்கத்தில் இருந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அவர் சொல்லாமல் விட்ட அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் மகளை வளர்த்தேன், டொய்ச் மொழி படித்தேன், கிழவர்களுக்குக் குண்டி கழுவினேன். யுத்தம் தோற்று, எல்லாம் முடிந்து, காடும் கடலும் பல நாடுகளும் தாண்டி இவர் இந்த வாசலில் வந்து நின்றபோது மகள் என்னைவிட உயரமாக இருந்தாள். அப்பாவுக்குக் கை கொடுத்து, வெளியாருக்கு வணக்கம் சொல்வது போல "குட்டன் டாக்" என்றாள்.

இவருக்குப் பின்னாலேயே அவன் வந்தான். இவருடைய மெய்ப்பாதுகாவலன். இவரைவிடப் பதினைந்து வயதாவது இளையவன். நான் தம்பி என்பேன், அவன் என்னை அக்கா என்பான், இவரை அண்ணை என்பான். வேறு ஊரில் அகதி முகாமில் இருந்தவன், வதிவிட அனுமதி கிடைத்த கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹம்முக்கு வந்து, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்தான். களஞ்சியம் ஒன்றில் பெட்டி அடுக்கும் வேலை. முதல்நாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் தேநீர் ஊற்றிக்கொண்டு போனேன். குசினி வாசலில் வழிமறித்து, தட்டத்திலிருந்து இவருடைய கோப்பையை எடுத்து, ஒரு மிடறு குடித்தான். கொஞ்சம் பொறுத்தான். பிறகு வாய் வைத்த இடத்தைத் துடைத்துவிட்டு இவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். இவர் வாங்கிக் குடித்தார். இரண்டு பேருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை.

"தம்பி, என்ர வீட்டில நான் என்ர புருசனுக்கு நஞ்சு வைப்பனோ?" என்று கேட்டேன்.

அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. "ஐயோ அக்கா, அதுக்கில்லை. கை தன்பாட்டில போகுது. பழக்கம்."

இவர் தேநீரைக் குடித்துக்கொண்டே இருந்தார். அந்த ஒழுங்கை அங்கே போட்டதே இவர்தான் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. ஒருமுறை யாரோ சாப்பாட்டில் கைவைக்கப் பார்த்தார்களாம். அதன் பிறகு, யாருடைய வீட்டில் சாப்பிட்டாலும், யார் சமைத்தாலும், முதல் வாய் தம்பியுடையது. பெற்ற தாய் சமைத்ததற்கும் அதே ஒழுங்குதானாம். தாய்க்கே அப்படியென்றால் நான் எம்மாத்திரம்?

இவர் பயந்ததில் நியாயம் இல்லை என்றும் சொல்லமாட்டேன். இங்கே தமிழ்க் கடையில் ஓர் அம்மா என்னைக் கண்டால் வெண்டிக்காய்ப் பெட்டிப் பக்கம் திரும்பிவிடுவார். அவருடைய மகனை யார் கூட்டிக்கொண்டு போனார்கள், பிறகு என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும். நான் காசைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவேன். வீட்டில் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு இவரைப் போல இன்னும் மூன்று பேர் வருவார்கள். எல்லோரும் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கட்டளை போட்டவர்கள். ஒருவர் பாண் சுடும் தொழிற்சாலையில் பொதி கட்டுபவர். ஒருவர் கடை வாசலில் தள்ளுவண்டி சேர்ப்பவர். மூன்றாமவர் வேலைக்குப் போவதில்லை, யூடியூப்பில் கதைப்பார். இவர் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபம் ஒன்றைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார். நாலு பேருக்கும் கதவுக்கு முதுகு காட்டி இருக்க ஏலாது. அதனால் ஆறு பேர் காலை நீட்டி இருக்கக்கூடிய மேசையில், சுவர்ப்பக்கம் மட்டும், பந்தியில் இருப்பவர்களைப் போல வரிசையாகத் தோள் இடித்துக்கொண்டு இருப்பார்கள். எதிர்ப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும். அங்கே நான் இருப்பேன். எனக்குக் கதவைப் பற்றிப் பயமில்லை. தம்பி கதிரையில் இருக்கவே மாட்டான். குசினி வாசலில் நின்றபடி எல்லாத் தேநீரிலும் அல்ல, இவருடைய கோப்பையில் மட்டும் வாய் வைப்பான்.

மற்ற மூன்று பேருக்கும் அதில் இருந்த எரிச்சலை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அவர்களுடைய பாதுகாவலர்கள் செத்துப்போய்விட்டார்கள், அல்லது கனடாவில் பெற்றோல் நிலையம் வைத்திருக்கிறார்கள். இன்னும் முதல் மிடறு குடிக்க ஆள் வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான். யூடியூப்காரர் ஒருநாள் தன் கோப்பையையும் சும்மா பகிடிக்கு நீட்டிப் பார்த்தார். தம்பி அதை வாங்கி, குடிக்காமல், மேசையில் திரும்ப வைத்தான். அவர் போனபிறகு இவர் நாள் முழுக்க நல்ல சந்தோஷமாக இருந்தார். மண்டபக் கூட்டங்களில் முன்வரிசையில் யாரை இருத்தினார்கள், யாருடைய படம் பெரிதாக விழுந்தது, யார் எந்தச் சண்டையில் நிற்காமலே நின்றதாகச் சொல்கிறார் என்று அவர்களுக்குள் பெரிய காய்ச்சல். நீங்கள் எப்படித் தப்பி வந்தீர்கள் என்ற கேள்வியை மட்டும் யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து எரிந்துகொண்டிருக்க, நான் குசினி வாசலைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தேன். இவரோடு நான் வன்னியில் வாழ்ந்த காலத்தைச் சேர்த்துக் கட்டினால் ஒரு சின்னப் பொட்டலம்தான் வரும். அவன் இவரோடு ஒரே பதுங்குகுழியில் படுத்து எழும்பியவன். இவருக்குக் காய்ச்சல் வரப்போகிறதென்றால் முதலில் காது சிவக்கும் என்று எனக்குச் சொன்னது அவன். என் புருஷனின் காதைப் பற்றி எனக்கு அவன் சொல்கிறான். இவர் நித்திரையில் எந்தப் பக்கம் திரும்புவார், எந்தப் பாம்பு கடித்தது, தாய் செத்த செய்தி வந்தபோது எந்த மரத்தடியில் போய் நின்றார், எல்லாம் அவனிடம் இருந்தது. நான் கேட்டால் மரியாதையாக எடுத்துத் தருவான். என் நகையை அடகுக்கடைக்காரன் எடுத்துக் காட்டுவது போல இருக்கும்.

"அண்ணை உங்களைப் பற்றித்தான் கதைப்பார் அக்கா" என்று சிலவேளை சொல்லுவான். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறான் என்று நினைப்பேன். இவர் அங்கே இருந்தபோது நான் யாரிடமோ கொடுத்து ஒரு கம்பளிச் சுவெட்டர் அனுப்பியிருந்தேன். இங்கே குளிரில் நடுங்கிக்கொண்டு இருந்த எனக்கு, வன்னியில் வெயில் எரிக்கும் என்பது அந்த நேரத்தில் மறந்துவிட்டது. இவர் வந்தபிறகு அது எங்கே என்று கேட்டேன். "பொடியள் ஆருக்கோ குடுத்திட்டன்" என்றார். தம்பி நிலத்தைப் பார்த்தான். அவனுக்குத்தான் கொடுத்திருக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

மகள் அப்போது பீலெஃபெல்ட் நகரில் படித்துக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் என் புலம்பலை எல்லாம் கேட்டுவிட்டு, "அம்மா, அப்பாவுக்கு ஒரு அஃபேர் இருந்தால்கூட நீங்கள் இவ்வளவு கத்தமாட்டீங்கள்" என்றாள். யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. இன்னொரு பெண்ணென்றால் தலைமயிரைப் பிடித்து இழுத்திருக்கலாம். இவனை என்ன செய்வது?

கலியாணம் செய்துவைக்கலாம் என்று தோன்றியது. தம்பி நாற்பதைத் தாண்டியும் கட்டாமல் இருந்தான். கேட்டால், "பாப்பம் அக்கா" என்பான். எனக்குத் தெரிந்த எல்லாப் பெண்களிடமும் சொல்லிவைத்தேன். ஊரில் கேட்டவர்களுக்கு என் மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது: கூடப் பிறக்காத தம்பிக்கு இந்த மனுசி எவ்வளவு பாடுபடுகிறாள் என்று. ஹம்மிலும் பக்கத்து ஊர்களிலும் வந்த பொருத்தங்களை நான் ஏதாவது குறை சொல்லித் தட்டிவிட்டேன். தூரத்தில்தான் வேண்டும். கடைசியில் டென்மார்க்கில் ஒரு பெண் அமைந்தாள். ஒருமுறை கட்டிப் பிரிந்தவள், மீன் பதனிடும் இடத்தில் வேலை, நல்ல சிரித்த முகம். வீடியோவில் இரண்டு பேரும் கதைத்தார்கள். தம்பிக்குப் பிடித்துவிட்டது என்பதை அவன் சேர்ட்டை அயர்ன் பண்ணத் தொடங்கியதில் கண்டுகொண்டேன். ஒரு கிலோ ரவையில் கேசரி கிண்டி எல்லாருக்கும் கொடுத்தேன்.

அந்த மாதமே இவருக்குப் பாரிசவாதம் அடித்தது.

உடம்பு பாதி திரும்பி வந்தது. மூளை வரவில்லை. முதலில் வேலை போனது, பிறகு வழி தெரியாமல் போனது, பிறகு ஆட்கள். ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள். பாண் தொழிற்சாலைக்காரருக்கு முதுகு ஏலாமல் போய்விட்டது. தள்ளுவண்டிக்காரரின் மகன் அவரைப் பிரான்சுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். யூடியூப்காரர் ஒருமுறை வந்து இவரோடு படம் எடுக்கப் பார்த்தார், தம்பி அவரைக் கதவுவரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தான். அதற்காக மட்டும் அன்றைக்கு அவனுக்கு இரண்டாம் முறை சோறு போட்டேன்.

இவர் என்னை மறந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காலையில் இடியப்பமும் சொதியும் கொண்டுபோனேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து என்னை "நீர்" என்றுதான் சொல்லுவார். அன்றைக்குத் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொஞ்சம் எழும்பப் பார்த்தார். "நீங்கள் சாப்பிடுங்கோ அம்மா. நான் பேந்து சாப்பிடுறன். எங்களால உங்களுக்குக் கரைச்சல்" என்றார். அது இயக்கத்தில் இருந்தவர்கள் ஊர் வீடுகளில் தங்கும்போது, சாப்பாடு கொடுக்கும் பெண்களிடம் கதைக்கும் மரியாதை. நான் அந்த வீட்டுக்காரி ஆகிவிட்டேன். மத்தியானமும் தொடவில்லை. பின்னேரம் தம்பி வேலை முடிந்து வந்து, ஆறிப்போன இடியப்பத்தில் ஒரு வாய் பிய்த்துத் தின்றான். இவர் அவனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு முழுவதையும் சாப்பிட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அதுதான். என் கெட்டித்தனம் எல்லாவற்றையும் இவரிடம் போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் இருந்து வேறு கதை கதைத்தேன். கரண்டியைக் கையில் கொடுத்தேன். நானே முதல் வாய் சாப்பிட்டுக் காட்டினேன். இவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "பசியெண்டால் சாப்பிடுங்கோ, வெக்கப்படாதேங்கோ" என்றார். வேலையில் நான் கைவைத்தால் எந்தக் கிழவனும் வாய் திறப்பான். வீட்டுக்கு வந்து, தம்பியின் சைக்கிள் சத்தம் கேட்கிறதா என்று ஜன்னலில் நிற்பேன். அவன் வந்தால் நிம்மதி. வந்து அந்த முதல் வாயை வைத்தால் வயிறு எரியும். இரண்டும் ஒரே நேரத்தில் வரும்.

டென்மார்க்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வருகிறாரா இல்லையா என்று ஒரு முடிவு கேட்டார்கள். தம்பி குசினியில் வந்து நின்றான். எப்போதும் போலக் கதிரையில் இருக்காமல் நின்றுதான் கதைத்தான்.

"அக்கா, நான் போகேல்லை. அவையளுக்குச் சொல்லிவிடுங்கோ."

"ஏன்?"

"அண்ணை சாப்பிடமாட்டார்."

வைத்தியர் எங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். வாயால் சாப்பிடாவிட்டால் வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வைக்க வேண்டும். அந்தக் குழாய்களை நான் தினமும் கழுவுகிறவள். அது வந்த பிறகு அந்த மனிதர்களின் வாய்க்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். இவன் போனால் அதுதான். இவனைப் போகவைக்க நான் நாடு நாடாகத் தேடிப் பெண் பிடித்தேன். இப்போது இவன் போகவில்லை என்கிறான், எனக்கு நெஞ்சில் தண்ணீர் வார்த்த மாதிரி இருக்கிறது. அப்படி இருப்பதை நினைக்க இன்னும் ஆத்திரம் வந்தது.

அவன் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை, ஒன்றுமில்லை. தலைமயிர் அரைவாசி நரைத்துவிட்டது. அயர்ன் பண்ணிய சேர்ட். இவருக்காக அவன் இதையும் விடப்போகிறான். நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? அண்ணைக்காகக் கலியாணத்தையே விட்டவன் என்று சொல்லும். பெண்சாதி என்ன செய்தாள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். இவருக்காகச் செய்வதற்கு இருந்த ஒரே பெரிய காரியம், அதுவும் அவன் கையில். அதை அவனுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நல்ல மனத்தோடு நான் அவனை அனுப்பியதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"அங்க பாதுகாப்புக்கு நிக்கிற ஆள் மாறினால் என்ன செய்வியள்?" என்று கேட்டேன். "ஒரே ஆளே நெடுக நிண்டது? செத்துப்போனால், காயப்பட்டால்?"

"ஆள் மாறேக்க, போறவரும் வாறவரும் அண்ணைக்கு முன்னால ஒரே பிளேட்டில சாப்பிடுவம். போறவர் முதல் வாய். வாறவர் ரெண்டாவது. அண்ணை பாத்துக்கொண்டிருப்பார். பேந்து, இவர் என்ர ஆள், நான் பொறுப்பு எண்டு போறவர் சொல்லவேணும். அதுக்குப் பிறகுதான் புது ஆளின்ர கையால வாங்குவார்."

"அப்ப செய்வம்."

"அக்கா…"

"என்ன?"

"நீங்கள் அவரை அண்ணை எண்டுதான் கூப்பிடவேணும். வேற மாதிரிக் கூப்பிட்டால் ஆள் குழம்பிப்போவார்."

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். எந்தப் பெண்சாதி புருஷனை அண்ணை என்று கூப்பிடுவாள்? எங்கள் சனத்தில் அதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். நான் இவரை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இஞ்சருங்கோ" என்பேன். அந்த ஒரு சொல்தான் எனக்கு மட்டும் சொந்தமாக இருந்தது. தம்பி அதைச் சொல்ல முடியாது, ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் சொல்ல முடியாது. சாப்பிட வைக்க வேண்டுமென்றால் அதையும் கொடுக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சோறும் மீன்குழம்பும் பருப்பும் வைத்தேன். தம்பி முகம் வழித்து, சேர்ட்டை உள்ளே விட்டு, நிமிர்ந்து வந்து நின்றான். இவர் சுவர்ப்பக்கக் கதிரையில் இருந்தார். இடது கை மடியில் கிடந்தது. தம்பியை அப்படிப் பார்த்ததும் இவருடைய முதுகும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"அண்ணை, எனக்கு மாற்றம் வந்திருக்கு."

"எங்க?"

"வடக்குப் பக்கம்."

இவர் தலையாட்டினார். அதில் அவருக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. "இஞ்ச ஆர் நிக்கிறது?"

"இவ."

இவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பெண் பார்க்க வந்தபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை, அப்போது கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த இடம்?" என்று கேட்டார். நான் என் ஊரைச் சொன்னேன். "நல்ல சனம்" என்றார். அந்த ஊரில் அவருக்கு ஒரு மாமியார் வீடு இருந்தது என்பது முகத்தில் எங்கும் தெரியவில்லை.

தம்பி தட்டிலிருந்து ஒரு வாய் சாப்பிட்டான். நான் அதே தட்டில் இரண்டாவது வாய் சாப்பிட்டேன். மீனில் உப்புக் கொஞ்சம் கூடிப்போயிருந்தது. இவர் எங்கள் இரண்டு பேருடைய தொண்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நம்பலாமோ?" என்று அவனிடம் கேட்டார்.

"நான் பொறுப்பு அண்ணை" என்றான் தம்பி. குரல் உடைந்துவிட்டது. "என்னை நம்பினதைவிட இவவை நம்பலாம்."

என் புருஷனிடம் எனக்கு இன்னொருவன் பிணை நின்றான். அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது: நான் சொன்னால் நம்பாதவர், அவன் சொன்னதும் நம்பிவிட்டார். சோற்றைக் குழைத்து எடுத்து இவருடைய வாய்க்கு நேரே பிடித்தேன். தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சாப்பிடுங்கோ, அண்ணை" என்றேன்.

இவர் வாயைத் திறந்தார்.

தம்பி இப்போது டென்மார்க்கில் இருக்கிறான். கலியாணப் படத்தில் அவன் நிற்கிறான், அவள் கதிரையில் இருக்கிறாள். தினமும் தொலைபேசி எடுத்து, "அண்ணை சாப்பிட்டவரோ?" என்று கேட்பான். "ஓம், என்ர கையால" என்று கொஞ்சம் அழுத்தித்தான் சொல்லுவேன்.

இவர் என்னைப் பிள்ளை என்கிறார். "நீங்கள்" போய் "நீ" வந்துவிட்டது. பாதுகாவலனுக்குச் சொல்கிற எல்லாவற்றையும் எனக்குச் சொல்கிறார். தூரத்தில் லாரிச் சத்தம் கேட்டால், போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுவார். நான் ஜன்னலடிக்குப் போய் ஹம்மின் குப்பை லாரியைப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றுமில்லை அண்ணை என்பேன். காது சிவக்கிறதா என்று நானே பார்த்துக்கொள்கிறேன். இனி இதெல்லாம் என்னுடையது என்று நினைத்திருந்தேன்.

ஆனால் இவர் என்னிடம் கதைப்பதெல்லாம் ஒரு பெண்ணைப் பற்றி. "ஜேர்மனியில என்ர மனிசி இருக்கிறா" என்று தொடங்குவார். அவள் கெட்டிக்காரியாம். வாய் கொஞ்சம் கூடவாம், ஆனால் சிரித்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாமாம். இந்த வெயிலுக்குள் கம்பளிச் சுவெட்டர் அனுப்பியிருக்கிறாளாம். "பொடியளுக்குக் குடுத்திட்டன் எண்டு எல்லாருக்கும் சொல்லியிருக்கிறன். குடுக்கேல்லை. தலைக்கு வைச்சுப் படுக்கிறனான். நீ ஆருக்கும் சொல்லிப்போடாதை" என்றார். தம்பி ஏன் அன்றைக்கு நிலத்தைப் பார்த்தான் என்று அப்போதுதான் விளங்கியது. வருடக்கணக்காக அவன் கேட்டதைத்தான் இப்போது நான் கேட்கிறேன்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று மகள் கேட்கிறாள். சந்தோஷம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெண்ணுக்கு முழங்கால் நோவில்லை. அவள் கையில் கிருமிநாசினி மணக்காது. என்னிடம் ஒருநாளும் சொல்லாத சொல்லெல்லாம் அவளுக்கு. அவளைப் பற்றிக் கதைக்கும்போது இவருடைய முகம் போகும் போக்கைப் பார்த்தால், அவள் வீடு எங்கே என்று தெரிந்திருந்தால் போய்ச் சண்டை பிடித்திருப்பேன் போல இருக்கும். தம்பி மேல் இருந்த எரிச்சலெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

போன மாதம் ஒருநாள் மத்தியானம், வெளியே மழை. நான் முதல் வாய் சாப்பிட்டுவிட்டு இவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பிள்ளை, நீ இஞ்சயிருந்து உயிரோட வெளியில போனியெண்டால் எனக்கு ஒரு வேலை செய்யவேணும்."

"சொல்லுங்கோ அண்ணை."

"என்ர மனிசியிட்டப் போ. நான் வரமாட்டன் எண்டு சொல்லு. அனுப்பேக்க நான் ஒண்டும் சொல்லேல்லை. அவ வழி பாத்துக்கொண்டிருப்பா. சின்ன வயசு, பாத்துக்கொண்டிருக்க வேண்டாம் எண்டு சொல்லு."

அந்த ஒரு சொல் வருமா என்று எத்தனை கடிதக்காரரைப் பார்த்திருந்தேன். எத்தனை பேரிடம் கேட்டு அனுப்பினேன். அது இப்போது வந்து சேர்ந்திருக்கிறது, கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவளும் நான்தான்.

"சொல்லுவியோ?"

"ஓம் அண்ணை. சொல்லுறன்."

இவர் என் கையை விட்டார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் போலத் திரும்பவும் பிடித்தார்.

"சொன்னவுடன வந்திடாதை. அழுவா. பக்கத்தில கொஞ்ச நேரம் இருந்திட்டு வா."

"இருக்கிறன் அண்ணை" என்றேன்.

தட்டில் சோறு மிச்சம் இருந்தது. அடுத்த வாயைக் குழைத்து, முதலில் என் வாயில் வைத்தேன்.